அங்கன என்ன ஓடுது?

போன வாரம் மகள் எனக்கு ஒரு இயர்போன் வாங்கித் தந்தாள். வயரே இல்லாத ரகம். சோப்பு டப்பாவை விடச் சின்னதாக ஒரு பெட்டி, அதற்குள் முந்திரிப் பருப்பு மாதிரி இரண்டு. மூடியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை குப்பென்று வந்தது. நான் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்து இழுத்தேன்.

"ஏப்பா, அது காதுல மாட்டுறது" என்றாள்.

எங்கள் காலத்தில் இயர்போனுக்கு முதல் பரீட்சை மூக்கில்தான் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல? சிங்கப்பூர் ரப்பருக்கு ஒரு வாசனை, துபாய் ரப்பருக்கு இன்னொரு வாசனை என்று அடித்துப் பேசுவோம். இரண்டும் ஒரே பட்டறையில் செய்ததாகக்கூட இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது யாராவது சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்போம்.

அப்போது எனக்குத் துறைமுகச் சரக்குகளுக்கு ஆவணங்கள் தயார்செய்யும் ஓர் ஆபீஸில் வேலை. வாரமெல்லாம் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கோயில் கூட்டம் கலைகிற நேரத்தில் டேப்ரெக்கார்டர் கடை அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்குவார். நான் குனிந்து உள்ளே போவேன். எனக்குப் பின்னால், பூசைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடு ரொசாரி அண்ணன் வருவார்.

ரொசாரி அண்ணன் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்த்தார். லீவில் வரும்போது வீட்டுக்குச் சென்ட், சாக்லேட் எல்லாம் கொண்டுவருவார். எங்களுக்கென்று காலுறைக்குள் சுருட்டிய இயர்போன்கள் தனியாக வரும். அன்று எங்களுக்கு அவர்தான் ராஜா. பொருள் கொண்டுவந்ததற்காக மட்டுமல்ல. ஒரு பாட்டை அவர் கேட்கிற அழகுக்காக. அவர் கண்ணை மூடிக் கேட்டால் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். நானோ, பெட்டியில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "பேஸ் நல்லாருக்கு" என்று தீர்ப்புச் சொல்கிற ரகம்.

என் பித்தலாட்டத்தை ஒழிக்கத்தான் அண்ணாச்சி துண்டுச் சட்டம் கொண்டுவந்தார். கண்ணைத் துண்டால் கட்டிவிட வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேசட், ஒரே பாட்டு. இயர்போனை மாற்றி மாற்றி மாட்டுவார்கள். எதுவென்று தெரியாமல் மார்க் போட வேண்டும். மார்க்கும் தின்பண்டத்தில்தான். அடித் தாளம் கனமாக இறங்கினால் அல்வா. மேல் சத்தம் பொரபொரவென்று வந்து காதிலேயே கரைந்தால், எங்கள் ஊர் மக்ரூன். இரண்டும் இல்லாமல் இரைச்சல் போட்டால் கருவாடு. கருவாடு எனக்கு உயிர், ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

ஒரு முறை, ரொசாரி அண்ணன் லீவில் வந்த முதல் ஞாயிறு. அண்ணாச்சி எனக்கு வைத்த பொறியாக, இடது பக்கம் வேலை செய்யாத ஒரு இயர்போனை வரிசைக்குள் நுழைத்திருந்தார். நான் மாட்டிய உடனே கத்திவிட்டேன்: "அண்ணாச்சி, இது ஒரு பக்கம் செத்துக் கெடக்கு!" அவர் சத்தம் காட்டாதே என்று என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். வெளியே கடலை வாங்கப் போயிருந்த ரொசாரி அண்ணன் திரும்பி வந்ததும் அவர் முறை. துண்டைக் கட்டி, அதையே மாட்டினோம்.

கொஞ்ச நேரம் கேட்டார். முகம் மலர்ந்தது.

"மக்ரூன்லே" என்றார்.

அண்ணாச்சிக்கு அடக்க முடியாத சிரிப்பு. நான் குறும்பாக இரண்டு பக்கத்தையும் மாற்றி மாட்டிவிட்டேன். இப்போதாவது தெரியட்டும் என்றுதான்.

"ஏலே, பாட்ட ஏன் நிப்பாட்டிட்ட?" என்று கேட்டார்.

பாட்டு நிற்கவில்லை. வாக்மேன் என் கையில்தான் இருந்தது. கேசட் சுற்றுவது கண்ணாடி வழியே தெரிந்தது. அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ரொசாரி அண்ணன் துண்டை அவிழ்த்துச் சுற்றுகிற கேசட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கடல்ல முங்கினதுல காதுல தண்ணி நிக்குன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். கடற்கரைக்காரர்களுக்குக் காதில் எது வந்தாலும் தண்ணீர்தான். இத்தனை மாதமும் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார், பாவம்.

டாக்டரிடம் நான்தான் கூடப் போனேன். மெஷினுக்கு எப்போதும் இடப்பக்கத்தைக் காட்டி நின்ற வேலை. இடது காது போய்விட்டது. வலதுக்கும் ஆரம்பம். இன்ஜின் ரூமுக்குத் திரும்பினால் அதுவும் போகும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட வீடு அழுதது. கப்பலையும் விட்டால் பிழைப்பு என்ன என்று அதே வீடு மல்லுக்கும் நின்றது. நானுமே, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்களேன் என்று புத்தி சொல்லப் போனேன்.

"கப்பல விட்டா வேற சோறு இருக்குலே. இந்தக் காதையும் விட்டா என்ன இருக்கு?"

அதோடு சரி. வலையும் கயிறும் விற்கிற கடை ஒன்று போட்டார். ஊரிலேயே சத்தம் இல்லாத வியாபாரம் இதுதான் என்பார். பாட்டுக்காகக் கப்பலை விட்ட மனிதர்! இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஞாயிறுகள் அதற்குப் பிறகுதான் களைகட்டின. ஒரே இயர்போனை இருவரும் பகிர்ந்து மாட்டுவோம். வலது அவருக்கு, இடது எனக்கு. வயர் குட்டை, அதனால் தலையோடு தலை முட்டும். பழைய பாட்டுகளில் தபலா ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள் அல்லவா? பாதிப் பாட்டுத்தான் அவருக்கு வரும். என்னை இடிப்பார்.

"ஏலே, அங்கன என்ன ஓடுது?"

"வயலின் மேல போவுது. ஒருத்தன் மட்டும் கீழயே நிக்கான்."

"நிக்கானா, இறங்குதானா? ஒழுங்கா கேட்டுச் சொல்லுலே."

அவருக்குச் சொல்ல வேண்டுமே என்ற பயத்தில்தான் நான் கேட்கவே கற்றுக்கொண்டேன். நான் சொன்ன பாதியையும் தன் பாதியையும் சேர்த்து அவர் மார்க் போடுவார். அண்ணாச்சி சரிபார்த்தால் பெரும்பாலும் பிசகாது. அண்ணாச்சி காலமாகி, கடை கைமாறிய பிறகும் வலைக்கடை ஸ்டூலில் எங்கள் ஞாயிறு நடந்தது. வயர் எத்தனையோ மாறியது. கேள்வி மாறவில்லை.

மகள் இந்தப் புதியதைப் போனில் இணைக்கும்போது ஒரு வசதியைக் காட்டினாள். அதைத் தட்டிவிட்டால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒன்றாகி ஒரே காதில் வருமாம். "காது ஒண்ணு கேக்காதவங்களுக்குப்பா" என்றாள். என்ன உலகமடா இது, எவனோ எங்கேயோ உட்கார்ந்து ரொசாரி அண்ணனை நினைத்திருக்கிறான்!

ஞாயிறு வரை பொறுக்க முடியவில்லை. அன்று சாயங்காலமே வலைக்கடைக்கு ஓடினேன். அவர் போனில் இணைத்து, அந்த வசதியைத் தட்டிவிட்டு, ஒன்றை அவர் வலது காதில் வைத்தேன். மற்றதைப் பழக்கத்தில் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பழைய பாட்டு. வயலின் ஏறியது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, வந்துட்டுலே. கீழ ஒருத்தன் நிக்கான் பாரு!" கண்ணில் நீர் வடிந்தது. துடைக்கவும் இல்லை. எனக்கும்தான். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

அடுத்த பாட்டு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வயர் இல்லாததால் அவர் எழுந்து போய் ஒருவருக்குக் கயிறு அளந்து கொடுத்தார், பாட்டு அவரோடு போனது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் வயலின் மூன்றாகப் பிரியும், அவர் கேட்டால் சொல்ல வேண்டும் என்று. அவர் கேட்கவே இல்லை.