சாய்வாக இறங்கிய துளை

போர்வெல் போட்டால் நேராகக் கீழே இறங்க வேண்டும். இதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. அதனால்தான் எங்கள் கொல்லையில் வந்து நின்ற இயந்திரம் தன் கம்பத்தைச் சாய்த்துக்கொண்டு பாறையைத் துளைக்க ஆரம்பித்ததும் பெரியப்பா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். துளை அவருடைய கிணற்றின் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நாங்கள் ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள். கண்ணமங்கலம் போகும் வழியில், மலையடிவாரத்தில், தாத்தா விட்டுப்போன கொல்லையை அப்பாவும் பெரியப்பாவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிணறு பெரியப்பா பங்குக்குப் போனது. பாறையும் கன்னிமார் சாமிக் கற்களும் எங்கள் பங்குக்கு வந்தன. தறியில் சம்பாதித்ததையெல்லாம் அப்பா அந்தப் பாறை மண்ணில் வேர்க்கடலையாக விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். விற்றுவிடலாமே என்று யாராவது சொன்னால் அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிடமாட்டார்.

"கூடப் பொறந்தவன்னு பாத்தா, பூமிக்குள்ளயே குறுக்கால பூந்து என் தண்ணிய உறிஞ்சலாம்னு கீறியா?" என்று பெரியப்பா வரப்பில் நின்று கத்தினார்.

"தண்ணிக்கு இல்லண்ணா. கல்லுல செம்பு கீதான்னு பாக்குறாங்க. கவர்மென்ட் ஆளுங்க."

"செம்பு தேடுறவன் இன்னாத்துக்கு என் கெணத்துப் பக்கம் சாய்க்கிறான்?"

பெரியப்பா கேட்டது நியாயமாகத்தான் பட்டது. எனக்குக் கோடை விடுமுறை. போய் நேராக மேடத்திடமே கேட்டுவிட்டேன். மேடம் என்றால் அந்தக் குழுவோடு வந்திருந்த புவியியல் அதிகாரி. தொப்பி போட்டுக்கொண்டு, சுத்தியலோடு திரியும் பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை.

மேடம் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். துளையிலிருந்து எடுத்த கல், உருளை உருளையாக வரிசையில் படுத்திருந்தது. சாம்பல் நிறக் கல்லில் வெள்ளைக் கோடுகள். "உள்ள இந்தக் கோடெல்லாம் செங்குத்தா நிக்குதும்மா. நேரா குத்தினா ரெண்டு கோட்டுக்கு நடுவுல போயிடுவோம், ஒண்ணுமே மாட்டாது. சாய்ச்சுக் குத்தினா ஒவ்வொண்ணா வெட்டிட்டுப் போகும்." பாவு இழைகளுக்குக் குறுக்கே ஊடை போவதைத் தினமும் பார்க்கிற எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. பெரியப்பாவுக்குப் புரியவில்லை. அவரும் தறிக்காரர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் தொழில் மறந்துவிடும் போலிருக்கிறது.

அன்றிலிருந்து நான் பெட்டியைவிட்டு நகரவில்லை. வெள்ளைக் கோட்டில் பித்தளைப் பொடி மாதிரி மின்னியது செம்பு இருக்கும் தாது. அதன் ஓரத்தில் ஈய நிறத்தில், தொட்டால் வழவழவென்று விரலில் பென்சில் கறை போல ஒட்டியது மாலிப்டினம் என்ற உலோகம் இருக்கும் தாது. அந்தப் பெயரை வாயில் வரவழைக்கவே எனக்குப் பாதி நாள் ஆனது. ரொம்ப காலத்துக்கு முன்பு யாரோ ஒருவர் மலைப்பாறையில் பச்சைக் கறையைக் கவனித்தாராம். புளி போட்டுத் தேய்க்காத செம்புக் குடத்தில் படியுமே, அதே பச்சை. பிறகு வந்தவர்கள் ஓடை ஓடையாக மண் அள்ளிப் போய்ச் சோதித்து, செம்பு கூடிக்கொண்டே வந்த பக்கமாக ஏறியிருக்கிறார்கள். அதற்கும் பிறகு வந்தவர்கள் தரையில் கம்பி இழுத்து மின்சாரம் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை பேர் தேடித் தேடிக் கடைசியில் வந்து சேர்ந்த இடம் எங்கள் கொல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதற்கிடையில் பெரியப்பாவின் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. கிணற்றைக் காவல் காக்க வந்தவர், துளையிடும் முனை சூடாகாமல் இருக்க டேங்கர் லாரியில் தண்ணீர் வந்து இறங்குவதைப் பார்த்தார். உள்ளே விட்ட தண்ணீரில் பாதிதான் சேறாகத் திரும்பி வந்தது. மீதி எங்கே போகும்? துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தானே. மறுநாள் ஒரு சொம்பு மோரோடு மேடத்திடம் போனார்.

"வெயில்ல பேஜாரா இருக்கும், குடிம்மா. அந்தக் கம்பத்த இன்னும் கொஞ்சம் எங்க பக்கமா சாய்க்கக் கூடாதா?"

மேடத்துக்குப் புரையேறிவிட்டது. அன்று முதல் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள்.

அப்பா மட்டும் தெளியவில்லை. தறியை விட்டுவிட்டு வந்து கற்பெட்டியைப் பார்ப்பார். மினுக்கு அதிகம் தெரிந்தால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். ஆவலில் வேர்க்கிறது என்று நினைத்தேன். அம்மா கன்னிமார் கற்களின் முன்னால் கண்ணை மூடி, பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் நின்று, நிறைய செம்பு கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமி மறந்துவிடக் கூடாதே என்று விரலில் இருந்த மாலிப்டினக் கறையால் ஒரு கல்லுக்குப் பொட்டும் வைத்தேன்.

கடைசிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிய அன்று அப்பா மேடத்திடம் கேட்டார். "கெடச்சுதாங்க?"

"இருக்குங்க. ஆனா தோண்டி எடுக்கிற அளவுக்கு இல்லை, இப்போதைக்கு."

துளையை சிமென்ட் போட்டு மூடி, மேலே எண் எழுதிய சிறு தூணை நட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை முட்டியது. அம்மாவோ மறுநாளே பானையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிட்டாள். பெரியப்பா தன் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்திக் கொடுத்தார். பொங்கல் பொங்கியது.

"அதான் ஒண்ணும் கெடைக்கலியேம்மா, இன்னாத்துக்குப் பொங்கலு?"

"அதுக்குத்தான்டி," என்றாள் அம்மா.

கிடைக்காத வரத்துக்கு இவள் ஏன் கடன் தீர்க்கிறாள் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே சாமியிடம் எதிரெதிராக வேண்டிக்கொண்டோம் என்பது தெரிய வெகுகாலம் ஆயிற்று. செம்பு கிடைத்திருந்தால் கொல்லை, கிணறு, கன்னிமார் எல்லாம் சேர்ந்து ஒரே பள்ளமாகியிருக்கும்.

ஆனால் அன்றைக்கு அப்பா பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அந்தத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் சொன்னதில் அம்மாவும் பெரியப்பாவும் 'இல்லை'யோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்பா கடைசியில் வந்த 'இப்போதைக்கு' வரை கேட்டிருக்கிறார். செம்பு விலை ஏறியதாகச் செய்தியில் வரும்போதெல்லாம் இப்போது நானும் அந்தத் தூணைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.