மெஷினிடம் சாப்பாடு விசாரித்தவர்

சூரியனை எழுப்பிவிடுவதே சித்தப்பாதான். அவர் போன் போட்டு ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் அது அவசரமாக முகம் கழுவிக்கொண்டு வரும். கடல் அலைகூட அவரிடம் சொல்லாமல் லீவு போட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் டைம் கீப்பர் வேலை. காலை ஷிப்டில் யார் யார் கேட் மெஷினில் விரல் வைக்கவில்லை என்று பார்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். முதல் போன் எப்போதும் இஸ்திரிப் பிரிவில் ஒற்றை ஆளாக இருந்த ஓர் அம்மாளுக்கு. கணவர் போன பிறகு தனியாக இருந்தவர். சித்தப்பா அவரை ‘இஸ்திரி மேடம்’ என்பார். மேடம் தினமும் கொஞ்சம் பிந்துவார், இவர் திட்டுவார், அவர் சிரிப்பார். கல்யாணமே செய்துகொள்ளாத மனிதருக்கு அந்தச் சிரிப்பில்தான் பொழுது விடியும். வீட்டுக்கு வந்தாலும் அவர் பேச்சில் பாதி மேடம்தான்.

மேனேஜர் வைத்தார் வேட்டு. இனி யாரும் யாரையும் கூப்பிடக் கூடாதாம். வராதவருக்கு மெஷினே செய்தி அனுப்புமாம், மேனேஜருக்குப் பெயர்ப் பட்டியல் மட்டும் போகுமாம். அதைச் சித்தப்பாவே செட் பண்ண வேண்டுமாம். ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் நம்பர்களைப் படிக்க, பள்ளிக்கூடத்துக்கு மனமிருந்தால் மட்டும் போகிற அவருடைய அண்ணன் மகள் தட்டினாள். லேப்டாப் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாசகம் கேட்டது. வருகை பதிவாகவில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒன்றையே போடச் சொல்லிவிட்டு, சித்தப்பா குளிக்கப் போய்விட்டார்.

முதல் நாள் இரவு ஷிப்டும் பகல் ஷிப்டும் இடம் மாறிப்போய், வேலை முடிந்து வீட்டில் தூங்கியவர்களை மெஷின் விரட்டி விரட்டி எழுப்பியது. சித்தப்பாவுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அதைச் சரிசெய்த பிறகுதான் வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது.

பதில்கள் மட்டும் அவர் திரையில் வந்து விழும். அவர் கூப்பிட்டால் பல்லைக் கடிக்கிற வேன் டிரைவர் மெஷினுக்குக் கும்பிடு போட்டிருந்தான். போகட்டும். இஸ்திரி மேடம் எழுதியிருந்ததுதான் தாங்கவில்லை. “வந்துட்டே இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?”

தகர டப்பாவிடம் சாப்பாடு விசாரிக்கிறார்! இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியவனை ஒரு நாள் கேட்டதுண்டா? சித்தப்பா கேட் மெஷினைச் சக்களத்தியைப் பார்ப்பது போல முறைத்தார். அதன் தலையில் டீ டம்ளரை நங்கென்று வைத்தார். அதைத் துடைக்கிற துணியை யார் கண்ணிலும் படாமல் ஒளித்தார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேடத்தைக் கேட்டிலேயே மறித்தார்.

“ஏம்மா, மெஷின் சாப்பிடுமா?”

“எந்த மெஷின்? நீங்கதானே அனுப்புறீங்க?” மேடம் போனை நீட்டினார்.

‘என்ன மேடம், தலையணை கையை விடமாட்டேங்குதா? ஓடி வராதீங்க, படி ஈரமா இருக்கு. நீங்க வந்தாத்தான் இங்க விளக்குப் போட்ட மாதிரி இருக்கு.’

முதல் இரண்டு வரியும் அச்சு அசலாக அவர் பேச்சு. மூன்றாவது வரி அவர் நெஞ்சுக்குள் கிடந்ததே தவிர, ஒரு நாளும் வாயைத் தாண்டியதில்லை. டப்பாவின் மேல் இருந்த பொறாமையெல்லாம் சட்டென்று தாவி, அந்த வரியைச் சொல்லத் தைரியம் இருந்த ஆளின் மேல் விழுந்தது. அந்த ஆள் இவர்தான் என்று மேடம் நம்பிக்கொண்டு நிற்கிறார். இல்லை என்றால் எல்லாம் போச்சு. ஆமாம் என்றால் புளுகு.

சித்தப்பா மெஷினின் தலையில் இருந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டார்.

“இன்னும் சாப்பிடல” என்றார். “நீங்களும் வரீங்களா?”

மேடம் வந்தார்.

மறுநாள் காலை, போர்வைக்குள் சுருண்டிருந்த அண்ணன் மகளின் போன் கிணுகிணுத்தது. லாண்டரி கேட் மெஷினிலிருந்து வருகைச் செய்தி. யார் துணையும் இல்லாமல் சித்தப்பாவே அவள் நம்பரைச் சேர்த்திருந்தார்.

‘என்ன மேடம், பள்ளிக்கூடத்துல வருகை பதிவாகலையே? மூணாவது வரி எழுதினது யாருன்னு இஸ்திரி மேடம்கிட்ட சொல்லிட்டேன். சாயங்காலம் உன்னைப் பாக்க வராங்க. தலை வாரிட்டு நில்லு, கழுதை.’