குளோரியின் பத்து சென்ட்

அஞ்சுகிராமத்துப் பக்கம் இருபது சென்ட் கீரைத் தோட்டம். பாதியை குளோரி பார்த்தாள். மறு பாதியில் யூரியா போட்டுக் கீரை வளர்ப்பவன் கொழுந்தன் ஜெயசிங். அவள் கணவர் தங்கையன் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார்.

"மயினி, ஒங்க சாணி உரத்த அறுப்பின் பண்டிகை வரைக்கும் பாப்போம். எடையில தோத்தா மொத்தத்தையும் நான்தான் பாப்பேன்" என்று ஜெயசிங் சொல்லிவிட்டான். குளோரியும் சரி என்றாள். வீம்பென்றால் அவளைக் கேட்டுத்தான் மற்றவர்கள்!

அந்த வீம்புதான் முதலில் அவள் காலை வாரியது. உரம் மக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. கயர் கம்பெனியில் சும்மா கிடைத்த தென்னை நார்த்தூளைப் பச்சைச் சாணியோடு கொத்திப் போட்டுத் தண்டுக்கீரை விதைத்தாள். மக்காத தூள், தான் மக்குவதற்காக மண்ணிலிருந்த சத்தையெல்லாம் தின்று தீர்த்தது. கீரை மஞ்சள்காமாலை வந்ததுபோல நின்றது. அந்தப் பக்கம் ஜெயசிங்கின் கீரையோ இருபத்தோரு நாளில் முழங்காலைத் தொட்டது.

வேறொருத்தியாயிருந்தால் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போயிருப்பாள். குளோரி அத்தனையையும் பிடுங்கி எறிந்தாள். நன்றாக மக்கிய சாணியும் ஆட்டு எருவும் வேப்பம் புண்ணாக்கும் போட்டு மறுபடி விதைத்தாள். இலை தடித்துக் கரும்பச்சையாய் வந்தது. ஆனால் முப்பது நாள் ஆயிற்று. கட்டும் சிறுத்துத்தான் இருந்தது.

பண்டிகைக்கு முந்தின நாள், கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் பெமிலா இரண்டு கீரையையும் சோதித்த தாளோடு வந்தாள். அம்மாவின் கீரையில், உடம்புக்கு ஆகாத நைட்ரேட் பாதிக்கும் குறைவு. தண்ணீர் போக மிஞ்சும் சாரம் அதிகம். இரும்புச் சத்து மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

"அம்மா, இரும்புக் கதைய சித்தப்பாட்ட சொல்லாத."

"போடீ! இல்லாதத இருக்குன்னு சொல்லியா நான் கீரை விக்கணும்?"

தாளை ஜெயசிங்கிடமே கொடுத்தாள். அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "இரும்பும் ஒண்ணுதான். எடையும் எனக்குத்தான் கூடுதல். பின்ன என்னத்துக்கு மயினி இந்தப் பாடு?"

குளோரிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் பொய் சொல்லவில்லை என்று நிமிர்ந்துதான் வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் பண்டிகை. விளைந்ததை ஆலயத்தில் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்து மத்தியானம் ஏலம் விடுவார்கள். காணிக்கைக்குக் கீரை அறுக்க விடியற்காலையிலேயே போனாள். அவளுடைய பாத்தியில் யாரோ குனிந்து நின்றார்கள். ஜெயசிங்!

"ஏலே, அது எனக்க பாத்தி!"

அரிவாளோடு அப்படியே நின்றான். "தெரியும் மயினி. எனக்க கீரை ஏலத்துக்கு முன்னயே தொவண்டு போவும். போன வருசம் எல்லாவனும் பாத்துச் சிரிச்சான். ஆண்டவருக்கு வைக்கதுல்லா..."

"அப்ப தொவண்டது மனுசனுக்குப் போதும், என்னா?"

அவன் அரிவாளை அவளிடம் நீட்டினான். "நீங்களே அறுங்க மயினி. அடுத்த தடவ எனக்க பாதிக்கும் ஒங்க எருவே போடுவோம். மக்குனதான்னு பாத்து மட்டும் தாங்க!"

குளோரி வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு கட்டுக் கட்டினாள். பெரிய கட்டை அவன் கையில் கொடுத்தாள்.