வண்டி யாரைச் சுற்றியது

உட்கார இடமில்லாத வண்டியை யாராவது வாங்குவார்களா என்றுதான் முதலில் கேட்டேன். என் கணவர் வாங்கி வந்தது நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீ, கடலில் ஓடும் ஸ்கூட்டர். முன்னால் நீண்ட கைப்பிடி, பின்னால் இரண்டு கால்களையும் வைக்க ஒரு பள்ளம், அவ்வளவுதான். அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒருவர் மலிவாகக் கொடுத்தாராம். தம்பி ஓட்டியது, இனி அவன் ஓட்டமாட்டான் என்றாராம். ஏன் என்று இவர் கேட்கவில்லை. மலிவாகக் கிடைக்கிற எதைப் பற்றியும் இவர் கேள்வி கேட்பதில்லை.

அந்தப் பழைய மாடலுக்கு ஒரு பழக்கம் உண்டு. இப்போது வருகிறவற்றில், ஆள் விழுந்தால் கையில் கட்டிய கயிறு இழுபட்டு என்ஜின் நின்றுவிடும். இது நிற்காது. வேகம் குறைந்து, தானே திரும்பி, விழுந்த ஆளைச் சுற்றி வட்டம் போடும். நீந்திப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். "நாய்க்குட்டி மாதிரி, உட்டுட்டுப் போகாது லா," என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

வண்டியில் ஏறும்போது வலது காலைத்தான் முன்னால் வைப்பார், நின்று ஓட்டுவதும் அப்படியே. கெலுகோர் வீட்டுக்குக் குடிவந்த நாளில் தொடங்கி, தண்ணீர்மலைக் கோயில் படி, விமானம், பல் டாக்டர் கிளினிக் வரை எல்லாவற்றுக்கும் வலது கால்தான். என் மாமியார் வளர்த்த வளர்ப்பு அப்படி. கடலில் எந்தக் காலை வைத்தால் என்ன என்று கேலி செய்வேன். சிரிப்பாரே தவிர மாற்றிக்கொள்ள மாட்டார்.

சில மாதங்களில் ஒரு மத்தியானம், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டார். இந்த மாதிரி வண்டியில், தண்ணீரில் கிடந்தபடி கைப்பிடியைப் பிடித்தால், தண்ணீரைப் பின்னால் பீய்ச்சி வண்டியை ஓட்டுகிற பம்ப்தான் தள்ளி ஆளை மேலே ஏற்ற வேண்டும். அந்தத் தேய்ந்த பம்புக்கு அந்தச் சக்தி இல்லை. லைப் ஜாக்கெட்டோடு மிதந்துகொண்டிருந்தவரைச் சம்பான் படகில் வந்த மீன்காரர்கள் தூக்கிவந்தார்கள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மாமியார் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அன்று சாப்பிடும்போது அவர் ஒன்று சொன்னார்.

"அது என்னையச் சுத்தல. கொஞ்சம் தள்ளி, யாரும் இல்லாத எடத்துல சுத்திக்கிட்டு இருந்துச்சு. நான்தான் நீந்திப் போயி அந்த வட்டத்துக்குள்ள நின்னேன்."

நீரோட்டம் இழுத்திருக்கும் என்றேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ரசம் கேட்டார்.

இனிமேல் கடலே வேண்டாம் என்று நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. எங்கிருந்தோ ஒரு பெரிய பம்பைக் கொண்டுவந்து இறக்கினார். மூன்று பேர் உட்கார்ந்து போகும் ஜெட் ஸ்கீயிலிருந்து கழற்றியது. அதை மாட்டினால் அடுத்த முறை விழுந்தாலும் வண்டி இவரை இழுத்து ஏற்றிவிடும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், இவர் திரும்பி வர வேண்டும். அதனால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என் வேலை கணினிச் சில்லுகளை ஒட்டும் பசையோடுதான். எது எப்போது இறுகும், எது எப்போது ஏமாற்றும் என்பது எனக்குத் தெரியும். இவருக்கு ரெசின் பசை என்றால் சட்டையில் ஒட்டுகிற ஒன்று.

வண்டியின் அடியில் பம்ப் இருக்கும் குகைக்கு மேல்கூரைதான், ஓட்டுபவர் நிற்கும் பள்ளத்தின் தரை. பெரிய பம்ப் நுழைய வேண்டுமென்றால் அந்தத் தரையை வெட்டி எடுத்துவிட்டு, ஃபைபர் துணியும் ரெசினும் கொண்டு உயர்த்திப் புதிதாகக் கட்ட வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் வைத்துக் கிரைண்டரால் வெட்டினேன். உள்ளே அடைத்திருந்த நுரைப்பஞ்சு கடல்நீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. வெட்டிய இடத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. மறுநாளும் வடிந்தது. வெயில் ஏறியதும் வண்டிக்குள்ளிருந்து மெல்ல ஒரு மூச்சு வரும். அடைபட்ட காற்று சூட்டில் வெளியேறுகிறது, வேறொன்றுமில்லை. ஆனாலும் அதற்கு முதுகைக் காட்டி நான் உட்காரவில்லை.

வெட்டிய தரையிலிருந்து ரப்பர் விரிப்பை உரித்தபோது இரண்டு குழிகள் தெரிந்தன. ஒரே ஆள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மிதித்தால் ஃபைபர் இப்படி நைந்து குழிந்துவிடும். இடது பாதம் முன்னால், வலது பாதம் பின்னால் சற்று வெளியே திரும்பி. அந்தத் தம்பியின் கால்கள். துண்டைக் குப்பைத்தொட்டியின் மேல் சாய்த்து வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் புதிய தரையின் கடைசி அடுக்கை ரெசின் தடவி முடித்து, பிளாஸ்டிக் தாளைப் போர்த்திவிட்டுக் குளிக்கப் போனேன். சாயங்காலம் தாளை உரித்தேன். நடுவில் இரண்டு குழிகள்.

ரெசின் இறுகும்போது சுருங்கும், அடியில் இருக்கும் உருவம் மேலே தெரியும் என்று எனக்கே பாடம் எடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் உறைத்தது. அடியில் இருந்த உருவத்தைத்தான் நான் வெட்டிக் குப்பைத்தொட்டியில் சாய்த்துவிட்டேனே.

உள்ளேயிருந்து இவர் காப்பியோடு வந்தார். "நான்தான் ஏறி நின்னு பாத்தேன். ஒசரம் சரியா இருக்கான்னு."

போன உயிர் திரும்பி வந்தது. காயாத ரெசினில் ஏறி நிற்கிற ஆளை என்ன செய்வது என்று கத்தினேன். கத்திக்கொண்டே குழிகளைப் பார்த்தேன். முன்னால் இருந்தது இடது பாதம்.

"எப்பருந்து எடது கால முன்னால வைக்கிறீங்க?"

"எப்பவும் அப்படித்தானே வைப்பேன்," என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்த பார்வையில், இது தெரியாதா உனக்கு என்ற லேசான வருத்தம் இருந்தது.

அவர் உள்ளே போனதும் பழைய துண்டை எடுத்துவந்து புதிய தரைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு பாதங்களுக்கும் இடையே அதே தூரம். பின்பாதம் வெளியே திரும்பியிருந்த அதே திருப்பம்.

பட்டர்வொர்த்காரரைப் போனில் கூப்பிட்டேன். வண்டியின் பழைய பம்பைப் பற்றிக் கேட்பதுபோல் ஆரம்பித்து, தம்பி ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டேன்.

"சொல்லலியா நான்? தம்பி கடல்ல போயிட்டான்மா. வண்டி மட்டும் அவன் விழுந்த எடத்துலயே சுத்திக்கிட்டு இருந்துச்சு, பெட்ரோல் தீர்ற வரைக்கும். பாத்தவங்க சொன்னாங்க. அவன்தான் கெடைக்கல."

தம்பி எந்தக் காலை முன்னால் வைப்பார் என்று நான் கேட்கவில்லை.

பயந்தேன், நன்றாகவே பயந்தேன். ஆனால் பயத்தை யாரிடம் சொல்வது? மாமியாரிடம் சொன்னால் வீட்டில் மந்திரித்த கயிறு தொங்கும். டாக்டர் ஏற்கெனவே, கடலில் விழுந்த அதிர்ச்சி என்று சொல்லி இவருக்கு மாத்திரை கொடுத்திருந்தார். நான் குழிகளைத் தேய்த்து, நிரப்பி, கண்ணாடிபோல் சமமாக்கினேன். புதிய தரை, புதிய பம்ப். இது வேறு வண்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடல்தண்ணீர் ஏறியிருந்த நேரம், கரையிலிருந்து அவரை அனுப்பினேன். பம்ப் நன்றாகத் தள்ளியது. ஒரு தடவை வேண்டுமென்றே விழுந்து காட்டுங்கள், ஏறமுடிகிறதா பார்க்கவேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கையை விட்டார். விழுந்தார்.

வண்டி வேகம் குறைந்தது. திரும்பியது. தள்ளிப் போய்விடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தள்ளிப் போகவில்லை. அவரைச் சுற்றித்தான் வட்டம் போட்டது. நடுவில் அவர் தலை. அவர் கையை நீட்டவில்லை, நீந்தவும் இல்லை. வண்டி போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பியபடி தண்ணீரில் நின்றார். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. என்ஜின் சத்தத்தில் கேட்டிருக்காது. அப்புறம் ஒரு சுற்றில் கைப்பிடியைப் பிடித்தார், பம்ப் அவரை லேசாகத் தூக்கி ஏற்றிக்கொண்டது. இடது கால் முன்னால்.

கரைக்கு வந்ததும் சிரித்தார். "பாத்தியா? இப்ப சரியா என்கிட்டயே வருது."

நான் வேண்டியதும் அதைத்தானே. நல்லா இருக்கு என்றேன்.

வீட்டு வாசலில் அவரை முன்னால் போகவிட்டேன். அவர் படியைத் தாண்டி உள்ளே போய் விளக்கைப் போடும்வரை, அவர் காலைப் பார்க்காமல், குனிந்து என் செருப்பின் வாரைக் கழற்றிக்கொண்டே இருந்தேன்.