மூடிய கை

நியூஜெர்சியில் எங்கள் எதிர்வீட்டு மெகன் ஆன்ட்டி வேல்ஸ் நாட்டுக்காரர். சின்ன வயதிலேயே மேடையேறி, சினிமா, டிவி எல்லாவற்றிலும் நடித்தவர். எண்பது வயதில் நேற்றும் ஒரு நாடகத்தில் நடித்தார். மேடைக்குப் பின்னால் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, கைப்பையோடு என்னிடம் தந்தார்.

"இன்னைக்கு நான் கல்யாணமே ஆகாத கிழவி" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவர் கணவர் வீட்டில் ஆக்ஸிஜனோடு படுத்திருக்கிறார்.

மோதிரம் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் குடியிருந்த நாடக நடிகை ராஜம் அக்கா நினைவுக்கு வந்தார். ஒப்பனையைத் தேங்காய் எண்ணெயால் துடைப்பார், வீடே மணக்கும். திருவிழா நாடகத்தில் அவருக்கு விதவை வேஷம். தாலியைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார்.

"அடிப்பாவி, நெசத் தாலிய யாராச்சும் கழட்டுவாங்களா?"

"வெள்ளச் சீலையில மஞ்சக் கயிறு தெரிஞ்சா முன்வரிசை சிரிக்கும்க்கா. கையிலயே வச்சிருங்க, கீழ மட்டும் வச்சிராதீங்க."

அக்கா அழுத அழுகைக்குக் கூட்டமே கைதட்டியது. அம்மாவும் தாலியைப் பாயில் வைத்துவிட்டுத் தட்டினாள். அந்த வாரமே அக்காவின் கணவர் ஓட்டிய லாரி கவிழ்ந்து, அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு, பள்ளியில் நான் பரிசு வாங்கியபோதுகூட அம்மா கைதட்டவில்லை.

நேற்று நாடகம் முடிந்து அரங்கமே எழுந்து நின்று தட்டியது. நான் முருகா முருகா என்று மூடிய கையோடு நின்றேன்.

"அம்மா, ஒய் ஆர்ன்ட் யூ க்ளாப்பிங்?" என்றாள் மகள்.

அப்போது ஆன்ட்டியின் கைப்பைக்குள் போன் அடித்தது. இடது கையால் எடுத்தேன். அவர் கணவர்தான். மூச்சு வாங்க, "நல்லா நடிச்சாளா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா" என்றேன். வலது கையை மட்டும் திறக்கவில்லை.