நான் பூட்டிவைத்த காப்பகமும் கர்த்தர் திறந்த பள்ளியும்

இந்த வருடம் தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எங்கள் சபைக்கு ஒரு நெருக்கடி வந்தது. நகரத்துக்கு வெளியே ஆனேக்கல்லில் நாங்கள் வாடகைக் கட்டடத்தில் நடத்திவந்த பாலர் பள்ளியை மே மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். அங்கே இருபத்தாறு பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரை. அவர்களுடைய தாய்மார் எல்லோரும் பக்கத்துக் கார்மெண்ட்ஸ் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்கிறவர்கள். இந்தப் பள்ளி வருவதற்கு முன் அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று எங்கள் ஆசிரியை ஸ்டெல்லாவைக் கேட்டால் சொல்வாள். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறையில், ஏழு வயது அக்காவின் பொறுப்பில்.

சபைக் கமிட்டியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முப்பது வருடம் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பணியாளர் மேலாளராக இருந்தவன். சமூகப்பணியில் எம்.ஏ. படித்தவன். அந்தப் பக்கத்து முதலாளிகள் பலரை எனக்குத் தெரியும். அவர்களிடம் பேசி, பள்ளிக்கு ஓர் இடமும் நிலையான ஆதரவும் வாங்கித் தரவேண்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொண்டேன். "ஆண்டவரே, நான் போகிற இடமெல்லாம் வழியைத் திறந்துவிடும்" என்று ஜெபித்துவிட்டுப் புறப்பட்டேன்.

ஒரு வழியும் திறக்கவில்லை. ஆறு வயதுக்குள் பிள்ளையின் மூளை எப்படி வளர்கிறது என்று படம் படமாக லேப்டாப்பில் காட்டினேன். முதலாளிகள் தலையாட்டினார்கள். காபி கொடுத்தார்கள். மெயில் அனுப்பச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் தன் கம்பெனிப் பெயர் போட்ட ஸ்கூல் பேக் இருபத்தாறு தருவதாகச் சொன்னார். அதை ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "அங்கிள், ரெண்டரை வயசுப் புள்ளைக்கு பேக்குல என்னத்த வெச்சு அனுப்புறது? மாத்து ஜட்டியா?"

கடைசியாகக் குமரேசன் என்பவரைப் பார்க்கப் போனேன். அவருடைய தொழிற்சாலையில் அறுநூறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அந்தப் பகுதி முதலாளிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நான் காட்டியதை எல்லாம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஸ்லைடு சூப்பரா இருக்கு சார். ஆனா சட்டப்படி எங்க யூனிட்லயே கொழந்தைங்களுக்கு கிரெச் இருக்குதே. ஆடிட்ல ஒரு குறை சொன்னது கெடையாது. நீங்க பாக்காத ஆடிட்டா?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

அந்த அர்த்தத்தை நான் சொல்லியாகவேண்டும்.

பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவர்களுடைய சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதைத்தான் கிரெச் என்போம். என் கம்பெனியிலும் இருந்தது. வருடத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும் இருந்தது. எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் நாளில் நான் அந்த அறையைத் திறப்பேன். அட்டைப்பெட்டிகளை வெளியே எடுத்து, பாய் விரித்து, பொம்மைகளை வைப்பேன். டெய்லர்களில் சிலரிடம் அன்றைக்கு மட்டும் பிள்ளையைக் கூட்டிவரச் சொல்வேன். ஆடிட்டர் பார்ப்பார், படம் எடுப்பார், போவார். மாலையில் பிள்ளைகளின் கையிலிருந்து பொம்மைகளை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுவேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்த ஏற்பாட்டை யோசித்துச் சொன்னவனே நான்தான். அதற்காக முதலாளி என்னைப் பாராட்டினார்.

ஒருமுறை கௌரி என்ற டெய்லர் அப்படித் தன் மகளைக் கூட்டிவந்தாள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண். மாலையில் குழந்தை ஒரு மரக் குதிரையை விடாமல் அழுதது. நான்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். கௌரி என்னிடம் கேட்டாள்: "சார், நாளைக்கும் இவள கூட்டிட்டு வரட்டுமா?"

நான் சொன்னேன்: "நாளைக்கு ஆடிட் இல்லம்மா."

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு மாதத்தில் வேலையை விட்டுவிட்டாள். இப்போது அவளைத் தேடினேன், விசாரித்தேன், கிடைக்கவில்லை. அந்தக் குழந்தையின் பெயரைக்கூட நான் அன்று கேட்கவில்லை. அவளிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது.

குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு நான் ஆலயத்தில் தனியாக உட்கார்ந்தேன். வழக்கம்போல முதலாளிகளின் மனதை மாற்றும்படி ஜெபிக்கத் தொடங்கினேன். வார்த்தை வரவில்லை. கௌரியின் கேள்விதான் வந்தது. முதல் தடவையாக என் பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிட்டேன். அழுதேன். வீட்டுக்கு வந்து என் மனைவி ஜெபசீலியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பத்தாறு வருட வாழ்க்கையில் அவளுக்குத் தெரியாத விஷயம் அது.

அவள், "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? பேக்கு குடுக்கறேன்னாங்களே, அவங்ககிட்ட போய் சொல்லுங்க" என்றாள்.

அதன்பின் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, பிள்ளைகளுக்கு இடம் தாரும், எனக்கு உண்மையைச் சொல்ல வாய் தாரும்" என்று தினமும் காலையில் இரண்டு பேரும் முழங்காலிட்டுக் கேட்டோம்.

ஈஸ்டருக்குப் பிந்திய வியாழக்கிழமை முதலாளிகள் சங்கத்தின் மதியச் சாப்பாட்டுக் கூட்டம். குமரேசன் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. எழுந்து நின்று, மேலே உங்களுக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது கர்த்தர் செய்தது.

ஒருவர் குரல் கொடுத்தார்: "என்ன சார், நீங்க ஜாலியா ரிட்டையர் ஆயிட்டு இப்ப எங்க எல்லாரையும் மாட்டி விடறீங்களா?" சிலர் சிரித்தார்கள்.

"இல்ல சார். நான் பண்ணதத்தான் சொல்றேன். உங்க பேக்டரி உங்களுக்குத்தான் தெரியும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. குமரேசன் தண்ணீர் குடித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "என் கிரெச்ல சின்ன ஊஞ்சல் ஒண்ணு இருக்கு. வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. சுத்துன பிளாஸ்டிக்க இன்னும் பிரிக்கல." கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கொழந்தைக்கு ஜுரம், பாத்துக்க ஆளில்லன்னு லீவு கேக்காத தையல் லைனே என்கிட்ட கெடையாது. கேட்டா திட்டறோம். சார், அந்த டீச்சரம்மாவ கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுநாளே ஸ்டெல்லாவை அவருடைய தொழிற்சாலைக்கு அழைத்துப் போனேன். காப்பக அறை பெரியது. தெருப்பக்கம் தனி வாசல் வைக்க வசதி இருந்தது. அதையே பள்ளிக்குத் தருவதாகவும், பக்கத்து மூன்று முதலாளிகள் ஆசிரியைகளின் சம்பளத்தையும் பிள்ளைகளின் பாலையும் முட்டையையும் ஏற்றுக்கொள்வதாகவும் குமரேசன் சொன்னார். நான் கைகூப்பினேன். ஸ்டெல்லா கூப்பவில்லை.

"சார், ரிப்பன் வெட்டறது, போட்டோ புடிக்கறது எதுவும் வேணாம். மாசத்துல ஒரு நாள், சொல்லாம வரணும். ஒரு மணி நேரம் புள்ளைங்களோட தரையில ஒக்காரணும். நீங்க நாலு பேரும்தான். மேனேஜர அனுப்பிச்சா உள்ள விடமாட்டேன்."

"எனக்கு முட்டி வலி மேடம்."

"ரெண்டு பாயி சேத்துப் போடறேன் சார், வாங்க."

அவர் சிரித்துவிட்டார். சம்மதித்தார்.

கட்டடக்காரர் கொடுத்த கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போதே, ஒரு திங்கட்கிழமை, இருபத்தாறு பிள்ளைகளும் புது இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஒருவரும் வெளியே நிற்கவில்லை. தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒடியா என்று நாலு மொழியில் அழுகைச் சத்தம் கேட்டது. இடைவேளையில் தாய்மார் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது நாற்பத்தொரு பிள்ளைகள். நான்கு முதலாளிகளும் தவறாமல் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் தன் தொழிற்சாலையிலும் இதேபோல் தொடங்க இடம் ஒழித்துக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் என்னைக் கேலி செய்தவர்தான் அவர்!

நான் வாரத்தில் இரண்டு நாள், குடியிருக்கும் பிரேசர் டவுனிலிருந்து பஸ் மாறிப் போகிறேன். மூக்குத் துடைப்பதும், சோறு ஊட்டுவதும், செருப்பை ஜோடி சேர்ப்பதும் என் வேலை. எல்லாப் பிள்ளைகளின் பெயரும் எனக்குத் தெரியும். போன வாரம் மதியம் நான் உள்ளே நுழையப் போனபோது குமரேசன் வெளியே வந்துகொண்டிருந்தார். அவர் லைனில் நடந்தால் சூப்பர்வைசர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அப்படிப்பட்டவர் தன் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலால் அடியெடுத்து வந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தார்.

"மெதுவா சார். இப்பத்தான் தூங்குனாங்க."

வாசலிலேயே நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன். சத்தமில்லாமல்தான்.

என் அன்பானவர்களே, உங்களில் தொழில் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆட்களை நிர்வகிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் வேலை செய்யும் தாயின் பிள்ளை இந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள். பதில் உங்களைக் குத்தினால், அதை அப்படியே ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். சொல்லவேண்டிய உண்மை இருந்தால் சொல்லிவிடுங்கள். எழுபத்து நான்கு வயதில் என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார். நான் கேட்டதைவிட அதிகமாகவே அவர் தந்தார். உங்களுக்கும் தருவார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.