கேட்டுத்தான் வெட்டினோம்

போன சனிக்கிழமை மனைவி வசந்தியோடு விட்பியில் ஒரு தோட்டச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். மிளகாய்க் கன்றுகளுக்குப் போட ஒரு பை பீட் மண் வேண்டுமென்றாள். பை ஓரத்தில் கிழிந்திருந்தது. தூக்கி வண்டிலில் வைக்கும்போது நனைந்த சாக்கு மாதிரி ஒரு மணம் மூக்கில் ஏறியது. முகம் சுட்டது எனக்கு.

"என்னப்பா, இடுப்புப் பிடிச்சிட்டுதோ?"

ஓம் என்றேன். வெட்கம் வரும்போதெல்லாம் இடுப்பின்மேல் பழியைப் போடுகிற வயது வந்துவிட்டது.

அந்த மணத்தை நான் முதலில் மோந்தது ஸ்காபரோ மோர்னிங்சைட்டில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அகதியாக வந்த புதிதில். ஒரு வீட்டின் பேஸ்மென்டில் நானும் வசந்தியும் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் ஜோ, அயர்லாந்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்து, மகனும் வேறு வீடு போனபின் மேலே தனியாக இருந்தார். நாங்கள் மீன் பொரித்தால் முதலில் யன்னலைத் திறந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் தட்டோடு படியிறங்கி வருவார். பேசியது இங்கிலீஸ்தான். ஆனால் இத்தனை வருஷமாக என் தலைக்குள்ளேயே குடியிருந்ததில் மனிதர் யாழ்ப்பாணத்தாராகிவிட்டார். எனக்குக் கேட்கிறபடியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சுவர்த் தட்டில் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுத்த கட்டி இருந்தது. நான் அதை மாட்டுச் சாண வரட்டி என்றே நினைத்தேன். வெள்ளைக்காரன் வரட்டியை வைத்துக் கும்பிடுகிறானே என்று வசந்தியிடம் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன். அது அவருடைய ஊர்ச் சதுப்பு நிலத்துப் பீட் மண். ஒடுங்கிய மண்வெட்டியால் செங்கல் மாதிரி வெட்டி, கோடை முழுக்கக் காயவைத்து, மாரியில் அடுப்பெரிப்பார்களாம். நத்தார்ப் பண்டிகைக்கு அதில் ஒரு துண்டைக் கிள்ளிச் சாம்பல் கிண்ணத்தில் கொளுத்தி, எங்களையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார்.

ஊரில் அவருடைய தங்கை நோரா இருந்தாள். கலியாணம் கட்டாதவள், பழைய வீட்டில் தனியே. சமையலுக்கும் குளிருக்கும் அந்த மண்கட்டிதான். அதை வெட்டுகிற சதுப்பு நிலம் பக்கத்துக் காணிக்காரன் பெயரில் பதிந்திருந்தது. இவர்கள் பரம்பரையாக அதில் வெட்டி வந்தார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காணி கைமாறியது. புதிதாக வாங்கியவன் படலை போட்டுப் பூட்டிவிட்டான். வெட்டும் உரிமை தனக்கு உண்டென்று நோரா அங்கே வழக்குக்குப் போனாள். பழைய காலத்தை நேரில் கண்டு சொல்ல, நோராவை விட்டால் உயிரோடு இருந்தவர் ஜோ ஒருவர்தான். அவர் எப்படி வெட்டினார் என்பதைச் சத்தியக்கடதாசியாக அனுப்பச் சொல்லி அங்கத்தைய லோயர் எழுதியிருந்தார்.

நான் அப்போது ஸ்காபரோவில் ஒரு தமிழ் லோயரின் கந்தோரில் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதிப் பத்திரங்கள் தட்டியவன் என்பதால் எனக்கு ஒரு தலைக்கனம். 'பத்து வருஷ ஆட்சி' என்று ஆயிரம் தரமாவது தட்டியிருப்பேன். அதன் பொருள் மட்டும் விரலோடு நின்றுவிட்டது, மண்டைக்கு ஏறவில்லை. "என்னட்டை விடுங்கோ ஜோ, வடிவா எழுதித் தாறன்" என்றேன்.

அவர் குசினி மேசையில் இருந்து சொன்னார், நான் குறிப்பெடுத்தேன். தகப்பன் வெட்ட இவர் அடுக்கியது, பிறகு இவரே வெட்டியது, எல்லாம் பட்டப்பகலில், ஊர் பார்க்க.

"காணிக்காரரைக் கேட்டுத்தானே வெட்டினனீங்கள்?"

மேசையில் ஒரு அடி அடித்தார். "நாங்கள் ஒருத்தரையும் கேக்கேல்லை. என்ரை அப்பனும் கேக்கேல்லை. என்னத்துக்குக் கேக்கிறது?"

அடுத்தவன் காணிக்குள் கேளாமல் போய் வெட்டினேன் என்று ஒரு மனிதன் கையெழுத்து வைப்பதா? களவுக்கல்லவா வாக்குமூலம் கொடுக்கிறார்! இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் நான் நிரப்பிய கடதாசி எல்லாம் 'தயவுசெய்து அனுமதியுங்கள்' என்ற கடதாசிதான். பணிந்து எழுதினால் பலன் கிடைக்கும் என்பது என் அனுபவம். அடுத்த நாள் கந்தோரில் இருந்து தட்டும்போது நானே ஒரு வரி சேர்த்தேன்: 'ஒவ்வொரு வருஷமும் காணிக்காரரின் வீட்டுக்குப் போய், அவருடைய அன்பான அனுமதியைப் பெற்ற பின்னரே வெட்டினோம்.' அன்பான என்ற சொல்லில் எனக்குத் தனிப் பெருமை.

எங்கள் கந்தோர் லோயர் முன்னால் கையெழுத்து வைக்கும்போது, வாசித்தீரா என்று அவர் கேட்டார். ஜோ என் தோளில் தட்டினார். "இவன் எழுதினது. பிழைக்காது." கண்ணாடியை எடுக்கவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து அயர்லாந்து லோயரின் கடிதம் வந்தது. ஜோ அதைக் கொண்டு கீழே வந்தார். அனுமதி பெற்று வெட்டியதென்றால் உரிமை கேட்க முடியாது. அந்த வரி உண்மைதானா, பிழையென்றால் உடனே திருத்தி அனுப்புங்கள், இல்லாவிட்டால் வழக்கைக் கைவிட வேண்டிவரும் என்று எழுதியிருந்தது. நான் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கேட்டு வெட்டினால் அது தயவு. கேளாமல், ஒளிக்காமல், சண்டை பிடிக்காமல் காலங்காலமாக வெட்டினால்தான் உரிமை. நான் தட்டித் தட்டித் தேய்ந்த 'ஆட்சி' என்ற சொல் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"தம்பி, நானோ இதைச் சொன்னனான்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். வசந்தி அடுப்படியில் அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள். எனக்கு அடுத்த மாதம் அகதி வழக்கு விசாரணை. சத்தியக்கடதாசியில் பொய் எழுதியவன் என்று பெயர் வந்தால் வேலையும் போய், நாட்டை விட்டும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இது நான் பிறகு கண்டுபிடித்த நியாயம். உண்மையில் அந்த நிமிஷம் என் வாயை அடைத்தது கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்ற எண்ணம்தான்.

"ஓம் ஜோ, நீங்கள்தான் சொன்னனீங்கள்."

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். "அப்ப அப்பன் கேட்டிருக்கிறார் போல. நான்தான் மறந்திட்டன்." படிக் கைபிடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினார்.

"உது நீங்கள் எழுதினதெல்லோ?" என்றாள் வசந்தி. "போய்ச் சொல்லுங்கோ. இப்பவே போங்கோ."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் ஜோ, வரி சரிதான் என்று தன் கையாலேயே எழுதி அனுப்பிவிட்டார். வசந்தி கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நோராவின் வழக்கு அதோடு நின்றுபோனது, படலை பூட்டியபடியே கிடந்தது. அடுத்த மாரிக்கு முன் நோரா வீட்டைப் பூட்டிவிட்டு வயோதிபர் மடத்துக்குப் போனாள். அங்கேதான் செத்தாள். என் அகதி வழக்கு வென்றது. ஜோ போத்தலோடு இறங்கி வந்து வாழ்த்தினார்.

இப்போது அந்த வீடு இல்லை. இடித்து, இரண்டு கராஜ் வைத்துப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். கந்தோர் இருந்த இடத்தில் நகைக்கடை. அதற்கெல்லாம் வெகு முன்பே ஜோவை மகன் பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். இந்த முறை சொல்லியே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். யன்னலோரம் போர்வையோடு இருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் கேட்டார்.

"தம்பி, எங்கட வீட்டிலையிருந்து சதுப்புக்குப் போற பாதை ஆத்துக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ?"

அவர் பிறந்த ஊர். நான் படத்தில்கூடப் பார்த்திராத ஊர்.

"எனக்குத் தெரியாது ஜோ. உங்களுக்குத்தான் தெரியும்."

"இல்லையில்லை, எனக்கு எல்லாம் மாறிப் போச்சு. நீயெல்லோ எழுதினனீ. யோசிச்சுச் சொல்லு."

கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். விடுவதாயில்லை. இந்தப் பக்கம் என்றேன்.

"நீ சொன்னால் சரி" என்றார் ஜோ.